குழலில் பிழை இல்லை

மச்சான்,

இன்று பட்டறைக்குப் பித்தளைத் தண்டு வந்தது. எங்களுக்கு வருவதெல்லாம் அநேகமாக உருக்கும் அலுமினியமும்தான், காற்றாலைக்குப் போகிற வளையங்கள், இணைப்புகள். பித்தளை வருவது அருமை. யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு நாலைந்து மூடிகள் வேண்டுமாம். லேத்தில் பூட்டி முதல் வெட்டு விட்டதும் மஞ்சள் துருவல் சூடாகக் கையில் தெறித்தது. வேலை முடிந்து சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன், மணம் போகவில்லை. பித்தளை கடைந்த கையில் பழைய சில்லறைக் காசு மணக்கும் என்று நீதான் சொல்வாய். பிராண்டேயிலிருந்து ஹேர்னிங்கில் வீடு வரும் வரைக்கும் காருக்குள் அந்த மணம்தான்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க மனம் வரவில்லை. இருந்து அழுதேன். மாலா யன்னலால் பார்த்துவிட்டுச் செருப்பும் போடாமல் ஓடி வந்தாள்.

"என்னப்பா, வேலையில ஆரும் ஏதும் சொன்னவையே?"

"பித்தளை" என்றேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தாள். அவள் உள்ளே போய்ச் சோறு போடுகிற நேரத்தில் இதை எழுதத் தொடங்கினேன்.

உன்னுடைய பிஸ்டல் குழலுக்கு நான் எத்தனை உறை கடைந்து தந்தேன் என்று எனக்குக் கணக்கில்லை. உன்னுடைய குண்டுகள் அட்டையின் நடுவை விட்டு விலகத் தொடங்கிய நாளிலிருந்து நீயும் நானும் அந்தக் குழலையே திட்டிக்கொண்டிருந்தோம். பாரம் கூட்டினோம், குறைத்தோம், முன்னுக்குத் தள்ளினோம், பின்னுக்கு இழுத்தோம். குழல் சுகமாகத்தான் இருந்தது. வருத்தம் வந்தது உன் கைக்கு. அந்த வருத்தம்தான் பிறகு தோளுக்கும் தொண்டைக்கும் ஏறி உன்னைக் கொண்டுபோனது. இப்போது ஒரு மூச்சில் எழுதிவிட்டேன், ஆனால் அன்று எனக்கு இது விளங்க ஒரு வருசம் பிடித்தது. உனக்கு எப்போது விளங்கியது என்பதைப் பற்றித்தான் உன்னோடு கதைக்க வேண்டும். அதில் எனக்குக் கோபம் இருக்கிறது.

முதலில் நீ துவக்கு தூக்கிய கதை. நம்ம ஆட்களுக்கு அது எவ்வளவு நாள் வாய்க்குள் போட்டு மெல்லக் கிடைத்தது! பிராண்டே சூட்டுக் கழகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊராருக்கெல்லாம் திறந்து விட்டிருந்தார்கள். கேக்கும் கோப்பியும் இலவசம் என்று உன் மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனாய். அவள் ஒரு தரம் சுட்டுப் பார்த்துவிட்டுக் கேக் பக்கம் போய்விட்டாள். நீ நின்றுவிட்டாய். ஒரு மணித்தியாலம் நின்றாயாம். பத்து மீற்றர் தூரத்தில் ஒரு சின்ன அட்டை, கையில் காற்றால் சுடுகிற பிஸ்டல், குண்டென்று ஒரு உளுந்தளவு ஈயம். அடுத்த கிழமை நீ அங்கத்தவன்.

கோயில் மடைப்பள்ளிக்குள் வைத்து ஒருவர் என் காதுபடச் சொன்னார், "உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடி வந்த ஆள் இஞ்ச வந்து துவக்குத் தூக்குதாம்." நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். நீ என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாய். "இது காத்துத் துவக்கு அண்ணை. பலூனுக்கு ஊதிற காத்துத்தான். பயப்பிடாதேங்கோ."

உன் மனைவி சுகந்திக்குத்தான் உண்மையாகவே பயம். ஊரில் சோதனைச் சாவடியில் தன் தம்பியை நிறுத்தி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவள். வீட்டுக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது என்று உனக்குக் கண்டிப்பாகச் சொன்னாள். நீயும் அதை மீறவில்லை, கழகத்து அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் வருவாய். ஒருநாள் நான் கேட்டேன், ஏனடா இந்த விளையாட்டு, பட்மின்ரன் போதாதா என்று.

"துவக்கு இருக்கிற அறைக்குள்ள நான் பயப்பிடாமல் நிண்டது இதுதான் முதல் தரம், மச்சான். அங்க ஒருத்தரும் என்னைப் பார்க்கேல்லை. எல்லாரும் அட்டையைப் பார்க்கினம்."

முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க மற்றவர்களுடைய உடம்பைத் தூக்கியும் துடைத்தும் உடுத்தியும் விட்டு வருகிறவன் நீ. கழகத்தில் நிற்கிற நேரத்தில்தான் உனக்கென்று ஒரு மூச்சு விட்டாய் என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன்.

உறை செய்கிற யோசனை உன்னுடையதுதான். பழைய பிஸ்டல் ஒன்றைக் கழகத்துத் தலைவர் ஹென்ரிக்கிடமிருந்து மலிவாக வாங்கியிருந்தாய். சாம்பல் நிறம், மெலிந்த குழல். "தண்ணிக் குழாய் மாதிரிக் கிடக்கு மச்சான். நாங்கள் தமிழ் ஆக்கள், கொஞ்சம் மினுக்கம் வேண்டாமோ?" என்றாய். குழலின் மேல் கை வைக்கக் கூடாது, அது துவக்குத் திருத்துகிற ஆயுதக்காரர் வேலை என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். ஆனால் குழலுக்கு வெளியே ஒரு உறை போடலாம். முன்பக்கம் கொஞ்சம் பாரம் ஏறினால் சுடும்போது குழல் துள்ளாது, குறியும் நின்று பிடிக்கும். போட்டி விதிப்படி பிஸ்டல் ஒரு அளவான பெட்டிக்குள் அடங்க வேண்டும், குறித்த நிறையைத் தாண்டக் கூடாது. அதற்குள் என்ன கூத்தும் ஆடலாம்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பட்டறை மத்தியானத்தோடு மூடிவிடும். முதலாளி திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போய்விடுவார். நீ காலை வேலை முடிந்து கழகத்துக்குப் போய்விட்டு வருவாய், பிஸ்டலைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு. சுகந்தி கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் மற்றக் கையில். நான் கடைவேன், நீ பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து கதைப்பாய். யார் வீட்டில் சாமத்தியச் சடங்கு, யார் காரை இடித்தது, ஆரணி தமிழில் கேட்டதற்கு டெனிஷில் பதில் சொன்னது, இப்படியே போகும்.

முதல் உறைக்கு நான் அலுமினியம் எடுத்தேன். நீ மூலையில் கிடந்த பித்தளைத் துண்டைக் காட்டினாய்.

"உது ஏன் சும்மா கிடக்கு?"

"அது பாரமடா."

"பாரம் தானே வேணும் எண்டனி?"

பித்தளையிலேயே கடைந்தேன். வெளிப்புறத்தில் மெல்லிய வளையக் கோடுகள், ஒன்றுக்கொன்று சமமான இடைவெளி. கடைசியில் துணியும் பசையும் போட்டு மினுக்கியபோது யன்னல் அதில் வளைந்து தெரிந்தது. நீ அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய், சூடு ஆறியிருக்கிறதா என்று. கழகத்தில் ஹென்ரிக் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ஃப்ளொட்", நல்ல வடிவு என்றாராம். வாய் திறந்து யாரையும் புகழாத மனுசன். அன்று நீ எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. உன் புள்ளிகளும் ஏறின. அந்தக் கோடைக்குப் பிறகு கழகத்து அணியில் உன்னையும் சேர்த்தார்கள். நாற்பத்தேழு வயதில் ஒரு அணிக்குள் வந்ததை நீ சின்னப் பிள்ளை போலச் சொல்லித் திரிந்தாய். அந்த அணியில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர உனக்கு அந்த வருசம் வேறு ஆசை இருக்கவில்லை.

அப்புறம் வந்தது ஆயுத பூசை.

எங்கள் வீட்டில் மாலா நவராத்திரியை விடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். கொலு இல்லாவிட்டாலும் கும்பம் வைப்பாள், அவல் கடலை செய்வாள். கடைசி நாளில் பிள்ளைகளின் புத்தகங்கள், என்னுடைய அளவுகோல்கள், அவளுடைய தையல் மெசின் எல்லாம் சாமிக்கு முன்னால் போகும். நீ கழகத்திலிருந்து பிஸ்டலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். நாளை மறுநாள் பகுதிப் போட்டி.

"அண்ணை, துவக்கை அம்மாளுக்கு முன்னால வைக்கிறதோ?" என்று மாலா கேட்டாள்.

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் தையல் மெசினோ வைக்கிறது?"

சுகந்தி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாலா சிரித்துவிட்டாள். புத்தகத்துக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தவள், பித்தளை உறையின் முனையில் நல்ல தடிப்பாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தாள். அழகாகத்தான் இருந்தது. நான் படமும் எடுத்தேன். ஆரணி அதைப் பார்த்துவிட்டு "பின்லிட்" என்றாள், மானம் போகிறது என்று அர்த்தம். பூசை முடிய நீ வெளியே இருந்த பொட்டை மட்டும் துடைத்துவிட்டுக் கொண்டுபோனாய்.

போட்டியன்று நான் உன்னோடு வந்தேன். முதல் குண்டு அட்டையின் விளிம்பில். இரண்டாவது அதற்கும் கீழே. நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் விளங்கியது, உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. நீ பதறிப்போனாய். பக்கத்து வாங்கில் இருந்து காலுறை பின்னிக்கொண்டிருந்த ஒரு மனுசியிடம் இரும்புப் பின்னல் ஊசியைக் கேட்டு வாங்கிக் குழல் வாய்க்குள் விட்டுக் கிண்டினாய். ஹென்ரிக் கண்டுவிட்டு ஓடி வந்து ஊசியைப் பறித்தார். துப்புரவு செய்கிற கம்பளிப் பஞ்சுருண்டையைக் குழலுக்குள் தள்ளி மற்றப் பக்கத்தால் எடுத்தார். மஞ்சளாக வந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன, வாசனையாக இருக்கிறதே?"

நீ அவருக்குச் சந்தனம் என்றால் என்னவென்று டெனிஷில் விளங்கப்படுத்திய அழகை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். மரம், கடவுள், நெற்றி, ஆயுதம், இந்த நாலு சொல்லையும் வைத்துக்கொண்டு நீ பட்ட பாடு! அந்த மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீயும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

ஆனால் துப்புரவு செய்த பிறகும் உன் குண்டுகள் நடுவுக்கு வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. "ஊசியால கிண்டினதில குழல் வாய் காயப்பட்டிட்டுது" என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அது எவ்வளவு வசதியான காரணம் என்று இப்போது தெரிகிறது. ஒரு சந்தனப் பொட்டு, ஒரு பின்னல் ஊசி, அதற்கு மேல் யார் யோசிப்பார்கள்? ஹேர்னிங்கில் ஒரு ஆயுதக்காரர் இருக்கிறார், குழல் வாயைச் சீர்படுத்தித் தருவார், கொண்டுபோவோம் என்றேன். "பாப்பம்" என்றாய். அடுத்த கிழமை கேட்டேன். "பாப்பம் மச்சான், முதல் நீ வேற உறை ஒண்டு செய்து பார்." நான் செய்தேன். என்னுடைய கைவேலையில் உனக்கு அவ்வளவு நம்பிக்கை என்று எனக்குப் பெருமை வேறு.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் உறைதான். நீளமானது, கட்டையானது, முனையில் பாரம் கூடியது, அடியில் துளை விட்டது. ஒவ்வொன்றையும் நீ கொண்டுபோவாய். திங்கட்கிழமை ரெலிபோன் வரும். "கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இன்னும் இடப்பக்கம் இழுக்குது." நான் இராத்திரி கடதாசியில் கீறிப் பார்ப்பேன், அடுத்ததை எப்படி மாற்றுவதென்று. மாலா பகிடி பண்ணுவாள், எனக்குக் கூட இப்பிடி ஒரு சங்கிலி செய்து தரேல்லை என்று.

மாசி மாதம் போல நீ பிஸ்டலின் மரப் பிடியைக் காட்டினாய். உன் கைக்கென்றே அளவெடுத்துச் சீவிய பிடி அது.

"மரம் பெருக்குமோ மச்சான்? பிடி கைக்குள்ள லூசாக் கிடக்கு."

"பிடி பெருத்தால் இறுகும், லூசாகாது" என்றேன். சொல்லிவிட்டு மரமா அளவா என்று பார்க்கத் திரும்பிவிட்டேன். உன் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிப் போயிருந்தது. அதை நான் பார்த்தேன் மச்சான். கண்ணால் பார்த்தேன், ஆனால் குளிருக்கு எல்லாருக்கும் கை வறளும்தானே என்று மரப் பசை எடுத்து அந்தப் பிடியில் அப்பினேன். நீ பசை காயும் வரைக்கும் வாளியில் இருந்து இடியப்பம் சாப்பிட்டாய், இடக் கையால்.

கோடை வந்தது. உறையை இறுக்குகிற சின்னத் திருகாணியை நீ என்னிடம் தருவாய், "நீ பூட்டு" என்று. "என்னடா, மாப்பிள்ளைக்கு ஆள் வைச்சுப் பூட்ட வேணுமோ?" என்பேன். சிரிப்பாய். அணியிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருசம் பார்ப்போம் என்று ஹென்ரிக் சொன்னாராம். நீ அதை எனக்குச் சொன்னபோது நான் ஹென்ரிக்கைத் திட்டினேன், கழகத்தைத் திட்டினேன், பித்தளையை விட்டு உருக்கில் ஒன்று செய்கிறேன் பார் என்று சபதம் போட்டேன். உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நீ வெறுங்கையோடு வந்தாய். பெட்டியும் இல்லை, சாப்பாடும் இல்லை. நான் உருக்குத் தண்டைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பிஸ்டல் எங்க?"

"இனி உறை வேண்டாம் மச்சான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், என்ர வேலை காணாதோ? இவ்வளவு நாளும் செய்தனே!"

நீ கிட்ட வந்தாய். வலக் கையை இடக் கையால் தூக்கி லேத்தின் மேல் வைத்தாய், ஒரு சாமானை வைக்கிற மாதிரி.

"இதைக் கடைஞ்சு தருவியோ?"

பிறகுதான் சொன்னாய். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, மின்சாரம் விட்டு, படம் எடுத்து எல்லாம் பார்த்துவிட்டார்களாம். நரம்பு ஒவ்வொன்றாகச் சதையைக் கைவிடுகிற வருத்தமாம். கையில் தொடங்கியிருக்கிறது, கையோடு நிற்காது. மருந்து இருக்கிறது, மாற்றாது. டொக்டர் பெண் நல்லவளாம், தண்ணீர் கொண்டுவந்து தந்தாளாம். நீ இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாய், யாரோ இல்லத்துக் கிழவருடைய கதை மாதிரி. நான் லேத்தை நிற்பாட்ட மறந்துபோனேன். அது வெறுமனே சுற்றிக்கொண்டு நின்றது. நீதான் எட்டி இடக் கையால் நிற்பாட்டினாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நீட்டி எழுத மாட்டேன். நீயும் விரும்ப மாட்டாய். வெள்ளிக்கிழமைகளில் நான் உன் வீட்டுக்கு வந்தேன். முதலில் நீ கதவைத் திறந்தாய், பிறகு சுகந்தி திறந்தாள், பிறகு கொமூன் நகரசபை அனுப்பிய பராமரிப்புப் பெண் திறந்தாள். இவ்வளவு காலமும் மற்றவர்களுக்கு நீ செய்ததையெல்லாம் உனக்கு அவர்கள் செய்தார்கள். சட்டைக்குத் தெறி பூட்டும்போது "மேலேயிருந்து தொடங்கினால் லேசு" என்று அந்தப் பெண்ணுக்கு நீ சொல்லிக் கொடுத்தாய், அப்போது குரல் இருந்தது. நான் உனக்குக் கஞ்சி பருக்கினேன். ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீ மெல்ல விழுங்கி முடிக்கும் வரைக்கும் பொறுத்திருக்கப் பழகினேன். அவசரக்காரன் நான், என்னைப் பொறுமைசாலி ஆக்கிய ஒரே ஆள் நீ. ஆரணி அந்த நாட்களில் உன்னோடு தமிழில் மட்டும்தான் கதைத்தாள். பங்குனி மாதக் குளிரில் ஒரு விடியற்காலை நீ போய்விட்டாய்.

சுடலை மண்டபத்துக்குக் கழகத்து ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். கழகத்துக் கொடியை அரைக் கம்பத்தில் இறக்கிவிட்டு வந்தார்களாம். தேவாரம் படித்து முடியும் வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. நாங்கள் வாய்க்கரிசி போட்டபோது ஹென்ரிக்கும் வரிசையில் வந்து நின்று, முன்னால் நின்றவரைப் பார்த்து, அதே மாதிரிப் போட்டார். வெளியே கோப்பிக் கோப்பையோடு நின்றபோது என் பக்கம் வந்தார். நான் செய்த உறைகளைப் பற்றிச் சொன்னார், கழகத்தில் எல்லோரும் ஆசைப்பட்டார்களாம். நான் சொன்னேன், என்ன செய்து என்ன, அந்த ஊசி குழலைக் கெடுத்துவிட்டதே, கடைசி வரைக்கும் அதை நேராக்க என்னால் முடியவில்லையே என்று. அவர் என்னைப் புதினமாகப் பார்த்தார்.

குழலில் ஒரு பிழையும் இல்லை என்றார். சந்தனம் எடுத்த அடுத்த கிழமையே உன்னோடு சேர்ந்து பரிசோதித்தாராம். பிஸ்டலை மேசையில் இறுக்கிப் பூட்டி, கை படாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டிருக்கிறார்கள். எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையால் போயிருக்கிறது. நீ அந்த அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாயாம். பிறகு, என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாயாம். அந்த ஆள் நீ போகும் வரைக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். டெனிஷ்காரன்தானே, சொல்லாதே என்று கேட்டால் சொல்லாமல் இருப்பான்.

அதாவது முதல் உறைக்குப் பிறகு நான் கடைந்த ஒவ்வொன்றும், அந்தக் குளிர்காலம் முழுக்க, வீண் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாளியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "இடப்பக்கம் இழுக்குது" என்று ரெலிபோனில் சொன்னாய். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை மச்சான். உன்னைப் பெட்டியில் வைத்திருக்கும்போது உன்னோடு சண்டை பிடிக்க ஆசைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காருக்குள் போயிருந்து வாய்விட்டு ஏசினேன். நல்ல தூசணமும் சொன்னேன்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சில நாட்கள் கழித்து சுகந்தியிடம் கேட்டேன். கேட்கக் கூடாது என்று மாலா தடுத்தாள், என்னால் இருக்க முடியவில்லை. சுகந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"எனக்கும் கோடைக்குத்தான் அண்ணை சொன்னவர். அதுக்கு முதல் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வேலைக்குப் போனால் கை ஏலாது, வீட்டை வந்தால் கை ஏலாது, சுடப் போனாலும் ஏலாது. உங்களிட்டை வந்தால் மட்டும் பிழை துவக்கிலதானே. அவர் சொன்னவர், அவன் உறை கடைஞ்சு கொண்டிருக்கும் மட்டும் எனக்குக் கை இருக்குது எண்டு."

நான் கேட்டேன், நேரத்தோடு டொக்டரிடம் போயிருந்தால் ஏதும் நடந்திருக்குமா என்று. அவள் அதை டொக்டர் பெண்ணிடமே கேட்டிருக்கிறாள். ஒன்றும் மாறியிருக்காதாம். சில மாதங்கள் முன்னதாக உனக்கு வருத்தத்தின் பெயர் தெரிந்திருக்கும், அவ்வளவுதானாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். ஆய்ந்த கீரையும் ஆயாத கீரையும் ஒன்றாகிவிட்டது.

அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வந்தேன் என்று நினைக்காதே. இன்னும் இல்லை. உனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, நான் சாட்டாக இருந்தேன், அது எனக்குக் குறைச்சல் இல்லை. இன்னும் நூறு உறை கேட்டிருந்தாலும் கடைந்திருப்பேன், வீண் என்று தெரிந்தே கடைந்திருப்பேன். நான் கோபிக்கிறது அதற்கில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நீ எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தனியாகப் பயந்தாய். நான் ஊர்க்கதை கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். துவக்கு இருக்கிற அறைக்குள் பயப்படாமல் நின்றதை எனக்கு ஆசையாகச் சொன்னவன், பயந்ததை மட்டும் ஏன் எனக்குத் தரவில்லை?

போன மாதம் என் இடது தோள் நோகத் தொடங்கியது. முந்தைய நானாக இருந்தால் தைலம் பூசிக்கொண்டு வாயை மூடியிருப்பேன். அன்றைக்கே மாலாவிடம் சொன்னேன். அவளுடைய முகம் வெளிறிவிட்டது. சட்டையைக் கழற்றச் சொல்லி, "இஞ்சையோ? இஞ்சையோ?" என்று விரலால் அமத்தி அமத்திப் பார்த்தாள். சதைப் பிடிப்புத்தான் என்று டொக்டர் சொல்லும் வரைக்கும் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மச்சான், அந்த நாட்களில் வீட்டில் இரண்டு பேர் பயந்துகொண்டிருந்தோம். ஒருவர் எழும்பித் தேத்தண்ணி வைத்தால் மற்றவரும் வந்து குசினியில் நிற்பார். பயம் குறையவில்லை, தூக்குவதற்கு ஆள் இருந்தது. அப்போது நான் உன்னைத்தான் நினைத்தேன். என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமையே லேத்தை நிற்பாட்டிவிட்டு, உனக்குப் பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு நானும் இருந்திருப்பேனே.